கட்டி கரைந்த வேகம்

காலை ஆறு மணிக்குக் கஸ்பாரின் மார்பில் ஒட்டியிருந்த மருந்துப்பட்டை பேசியது. “கட்டி நாற்பது சதவீதம் கரைந்துவிட்டது. தொடரலாமா?” அவர் மனைவி பிலோமினா விரலை வைத்தால் மருந்து இன்னும் ஆறு மணி நேரம் ஓடும்.

தூத்துக்குடியில் இப்போதெல்லாம் புற்றுநோய் மருந்துக்காக யாரும் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை. நோயாளியின் செல்லிலிருந்தே வளர்த்த மருந்து வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் பக்கத்தில் ஓர் ‘உடனாள்’ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். தொடர்வதும் நிறுத்துவதும் உடனாளின் கையில். இடையில் நிறுத்தினால் மருந்து செத்துவிடும். மறுபடி வளர்க்க ஆறு மாதம். கஸ்பாரின் நுரையீரலிலிருந்து ஈரலுக்குப் பரவிய கட்டி அவ்வளவு நாள் சும்மா இருக்குமா?

“வையிட்டி வெரல” என்றார் கஸ்பார். முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். காத்திருப்பது என்றாலே ஆகாது.

பிலோமினா அவர் கையைப் பார்த்தாள். விரல்கள் உள்பக்கமாக மடங்கி இழுத்துக்கொண்டிருந்தன.

“என்ன செய்யுது?”

“ஒதட்டச் சுத்தி எறும்பு ஊருற மாதிரி இருக்கு. வேற ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுக்குப் போனீங்களா?”

“நேத்து மத்தியானத்துலேருந்தே சரியா வரல.”

அவள் பட்டையிடம் கேட்டாள். அது சொன்னது: “பொட்டாசியம் கூடியிருக்கிறது. கட்டி உடைந்து ரத்தத்தில் கலக்கும் சிக்கல் ரத்தப் புற்றில்தான் அதிகம். இதுபோன்ற திடக்கட்டியில் மிக அரிது. அளவீட்டுப் பிழையாக இருக்கலாம். தொடரப் பரிந்துரைக்கிறேன்.”

“அரிதுன்னா வராதுன்னு அர்த்தமா?” பிலோமினா அவர் மார்பில் காதை வைத்தாள். துடிப்பு தடுக்கித் தடுக்கி ஓடியது. நிறுத்து பொத்தானை அழுத்தினாள்.

“என்னட்டி செஞ்சுட்ட! பாதி கரைஞ்சுட்டுல்லா?”

“கரைஞ்சது எங்க போச்சு? ஒங்க ரத்தத்துலதான கெடக்கு!” என்றபடியே ஆம்புலன்ஸை அழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டயாலிசிஸ் ஓடியது. “கட்டி ஒரேயடியா ஒடஞ்சு கிட்னிய அடைச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் மருந்து போயிருந்தா இதயம் நின்னிருக்கும்” என்றார் டாக்டர் பர்வீன். “அடுத்த மருந்த கொஞ்சங் கொஞ்சமாத்தான் குடுக்கணும். அது வளந்து வர்ற ஆறு மாசத்துக்குள்ள கட்டி வளராதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா.”

மூன்றாம் நாள் சிறுநீர் இறங்கியது.

“கட்டி வளந்துட்டா?” என்றார் கஸ்பார்.

“வளந்தா பாத்துக்கிடலாம். பாக்குறதுக்கு நீங்க இருக்கணும்லா?”

அவர் கட்டிலில் மெல்ல நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

“அடுத்த மருந்துக்கும் நீதான் உடனாளா?”

“ஏன், வேற ஆளு பாத்து வச்சிருக்கீங்களோ?”

கஸ்பாருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும். அது அடங்கும்வரை பிலோமினா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.