ஐந்து நிமிடம் முந்திய பாங்கு

"எங்கட பள்ளிவாசல் பாங்க விட ஒங்கட போன் பெரிசா?"

கேட்ட பிறகுதான், கொஞ்சம் கூடிப்போய்விட்டதோ என்று மபாஸாவுக்குத் தோன்றியது. ஆனால் சொன்னதிலிருந்து பின்வாங்கும் பழக்கம் அவளுக்கு ஏது...

வெளியே பல்லேபொல ரோட்டை மழை மறைத்திருந்தது. மோட்டார் சைக்கிள் நின்றுபோய், தொப்பலாக நனைந்து கேட்டருகே ஒதுங்கியவனை அவளுடைய உம்மா ஸரீனாதான் கூப்பிட்டார். "நோன்பு தொறக்கிற நேரத்துல ரோட்டுல நிக்க வாணாம் மகன், உள்ளுக்கு வாங்க."

பெயர் ஸஜ்ஜாத். தம்புள்ளையில் வெங்காய மொத்த வியாபாரம். மாத்தளைக்குப் போகிற வழியாம். அவ்வளவுதான் தெரியும்... அப்புறம், அந்தக் கண்கள். மழை கழுவிவைத்த மாதிரி இருந்தன. ஒரு தடவை நிமிர்ந்தன. உடனே கஞ்சிக் கோப்பைக்குள் விழுந்துவிட்டன.

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் உம்மாவும் மபாஸாவும் பேரீச்சம்பழத்தைக் கடித்தார்கள். அவன் பழத்தை வாயருகே கொண்டுபோனான். மபாஸா நிமிர்ந்தாள். அவன் சட்டென்று போனைக் குனிந்து பார்த்தான். பழம் பாதி வழியில் நின்றது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் ஈக்குதே..."

அதற்குத்தான் அவள் அப்படிப் பாய்ந்தாள்.

"பாங்குதான் பெரிசு," என்றான் அவன் தயங்கி. "ஆனா போன் பிந்தாதே..."

"பள்ளியில நேரம் காட்டுற பலகை ஈக்குதே, அத ஓட்டுற சேர்வர செட் பண்ணினது யாரு தெரியுமா?"

"யாரு?"

"நான்!"

"அல்லாஹ்! அப்ப என்ட போன்தான் ஒங்கள்ட்ட மன்னிப்புக் கேக்கணும்."

உம்மா சிரித்தார். மபாஸாவும் சிரித்தாள். சிரித்தபடியே சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்... சிரிப்பு அங்கேயே செத்துப்போனது.

பின்னேரம் கரண்ட் போய் வந்ததும் பள்ளியின் சேர்வர் நேரத்தைத் தொலைத்துவிட்டிருந்தது. சரியான நேரத்தை அது இணையத்தில் தானாகவே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பள்ளி ரவுட்டர் அந்த வழியை அடைத்துவைத்திருந்தது. ஒரு வாரமாக, 'பிறகு பார்ப்போம்' என்று அவள்தான் தள்ளிப்போட்டாள். இன்றைக்குக் கட்லட் மாவு ஒட்டிய கையோடு வீட்டிலிருந்தே லெப்டொப்பைத் திறந்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, நேரத்தைக் கையாலேயே போட்டுவிட்டாள்.

அந்த மணிக்கூடு ஐந்து நிமிடம் முந்தி ஓடும். வாப்பா கடை திறக்கப் பிந்தக் கூடாதென்று உம்மாவே முந்த வைத்தது. இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா என்ன! அவசரத்தில் மறந்துதான் போனாள்.

மோதினார் றஹீம் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பாங்கு சொல்வார். அப்படியானால்... ஊர் முழுக்க நேரத்துக்கு முதலே நோன்பு திறந்துவிட்டது.

உம்மாவின் போன் அலறியது. வாப்பா. அவர்தான் பள்ளிவாசல் தலைவர் முஸம்மில் ஹாஜியார். போனைக் காதில் வைக்காமலே அவர் குரல் விறாந்தை முழுக்கக் கேட்டது.

"அஞ்சு நிமிஷம் முந்திப் பாங்கு சொல்லிட்டாரு மோதினாரு! ஆக்கள் எல்லாம் கத்துறாங்க. வயசு போய்ட்டுது, கண்ணு தெரியல்ல. நாளையோட அந்த மனுசன நிப்பாட்டுறேன்!"

மபாஸாவுக்குக் காதுமடல் எரிந்தது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. மோதினாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். உண்மையைச் சொல்வதென்றால்... இவன் முன்னாலா? இப்போதுதானே 'நான்!' என்று நெஞ்சை நிமிர்த்தினாள்...

ஸஜ்ஜாத் முகத்தைத் திருப்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய வெட்கத்தைப் பார்க்கக் கூடாதென்று திரும்பியிருக்கிறான். அதுதான் அவளை உடைத்தது.

போனை வாங்கினாள். "வாப்பா... மோதினார்ல பிழையில்ல. நம்ம வீட்டு மணிக்கூட்டப் பார்த்து நான்தான் நேரத்தப் போட்டேன்."

வாப்பாவின் தணிந்த குரல். "சரி... கரண்ட் போனதுல மெஷின் பழுதுன்னு சொல்லிடுறேன்."

"வாணாம் வாப்பா. ஆக்கள் அப்பவும் அவரத்தான் சொல்லுவாங்க. என் பேரச் சொல்லுங்க."

உரிய நேரம் வந்த பிறகு ஸஜ்ஜாத் நோன்பு திறந்தான். கஞ்சியைக் குடித்துவிட்டு, உம்மா கொடுத்த குடையோடு பள்ளிக்குத் தொழப் போனான். மபாஸா லெப்டொப்பின் முன் உட்கார்ந்தாள். ரவுட்டரில் அடைபட்டிருந்த வழியைத் திறந்தாள். சேர்வரைத் தானாக நேரம் எடுக்கும்படி மாற்றினாள். கொஞ்சம் பொறுத்து, நேரம் ஒத்துப்போனதா என்று கேட்டாள். 'யெஸ்' என்றது திரை. எவ்வளவு சின்ன வேலை! இதையா ஒரு வாரம் தள்ளிப்போட்டாள்...

மழை விட்டிருந்தது. அதனால் ஒலிபெருக்கியில் வாப்பாவின் குரல் ஒவ்வொரு கூரையிலும் தெளிவாக விழுந்தது.

"பாங்கு முந்தினது என்ட மகள் மபாஸா விட்ட பிழை. அதக் கேட்டு நோன்பு தொறந்தவங்க, ஒரு நோன்பு திரும்பப் புடிச்சிக்கொள்ளுங்க. எங்கள மன்னிச்சிக்கொள்ளுங்க."

மபாஸா முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தொழுகை முடிந்து வாப்பாவும் ஸஜ்ஜாதும் ஒன்றாகத்தான் வந்தார்கள். வாப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தேத்தண்ணி ஊத்துங்க," என்று உம்மாவிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். ஸஜ்ஜாத் மோட்டார் சைக்கிளருகே நின்றுகொண்டான். குடையை வாங்கப் போனாள் மபாஸா.

"சிரிக்கிறதுன்னா சிரிச்சிட்டுப் போங்க."

"சிரிக்கவா? நானே வெக்கப்பட்டு நிக்கிறேன்..." குடையை நீட்டாமல் கையிலேயே திருகினான். "நீங்க நெனக்கிற மாதிரி நான் நேரம் பார்க்கல்ல."

"அப்ப?"

"ஒங்களத்தான் பார்த்துட்டிருந்தேன். நீங்க நிமிர்ந்ததும் புடிபட்டுட்டேன். என்ன செய்றதுன்னு தெரியாம போனைப் பார்த்தேன்... அதுல நேரம் கிடந்திச்சு. அவ்வளவுதான். நோன்போட, அதுவும் சோறு போட்ட வீட்டுல! பள்ளியில ஒங்க பேரச் சொல்லக்குள்ள என்ட தலைதான் குனிஞ்சிச்சு. நீங்க ஊருக்கே சொன்னீங்க. நான் ஒங்கள்ட்டயாவது சொல்லணுமே..."

காதுமடல் மறுபடியும் எரிந்தது. ஆனால் இந்தச் சூடு வேறு...

"பெருநாள் முடிய எங்கட உம்மா வாப்பாவக் கூட்டிட்டு வரட்டா?"

மபாஸா குடையின் மறுநுனியைப் பிடித்தாள். இருவருமே அதை விடவில்லை.

"நாளைக்கு மோதினார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும் நான். அவர்ட முகத்த ஒருக்கா நேராப் பார்த்துக்கொள்றேன்..." குடையைப் பார்த்தபடியே சொன்னாள். "அதுக்குப் பொறகு, ஒங்கட உம்மாவ வரச் சொல்லுங்க."