1704க்கு அப்பா யார்?

அந்தத் தேனீயை நான் பார்த்திருக்கவே கூடாது.

ஜூலை பதினொன்றாம் தேதி, காலை ஐந்து நாற்பது. தோட்டத்தில் கடலிலிருந்து வந்த மூடுபனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. மருத்துவமனையில் இரவு வேலைக்குப் போன அம்மா இன்னும் திரும்பவில்லை. அதனால் பரங்கிப் பூவுக்கு மகரந்தம் தடவும் வேலை முதன்முதலாக என்னிடம் வந்திருந்தது.

எங்கள் ஊரில் ராட்சதப் பரங்கி வளர்க்காத வீடு குறைவு. பூவைத் தேனீயிடம் விடமாட்டோம். மறுநாள் மலரப்போகும் பெண்பூவை முந்தின மாலையே நூலால் கட்டி மூடிவிடுவோம். விடிந்ததும் அவிழ்த்து, நாங்கள் தேர்ந்தெடுத்த செடியின் ஆண்பூவைத் தடவி, மறுபடி கட்டுவோம். பிறகு அட்டையில் எழுதுவோம்: அம்மா யார், அப்பா யார்.

வளர்த்தவரின் குடும்பப் பெயரும், பவுண்டுக் கணக்கில் காயின் எடையும்தான் விதையின் பெயர். எங்கள் செடி 'மெக்காஸ்கில் 1480'. அடுத்த தோட்டத்து மிஸ்டர் தெரியோவின் செடி 'தெரியோ 1612'. அதன் ஆண்பூக்களை அவர் முந்தின நாளே ஒரு காப்பிக் கோப்பையில் வைத்துக் கொடுத்திருந்தார்.

"நாலே நாலு. கீழே போட்டா வேற கிடையாது, ரோனா."

அவர் புருவங்கள் பாத்திரம் தேய்க்கும் பிரஷ் மாதிரி இருக்கும். அவர் தோட்டத்தில் பந்து விழுந்தால் நாங்கள் புதுப் பந்து வாங்கிக்கொள்வோம்.

கோப்பையோடு குனிந்தேன். நான் கட்டிய நூல் நழுவிக் கிடந்தது. இதழ்கள் இரண்டு விரல் அளவுக்குத் திறந்திருந்தன. உள்ளே ஏதோ ரீங்கரித்தது.

ஒரு தேனீ வெளியே வந்தது. அதன் முதுகெல்லாம் மஞ்சள் பொடி.

நான்கு பூக்களையும் அவசரமாகத் தடவி, இறுக்கிக் கட்டினேன். என் நோட்டில் எழுதினேன்: '5.40. நூல் நழுவியிருக்கிறது. உள்ளே ஒரு தேனீ.' ஆனால் அட்டையில் எழுதியது வேறு: 'அம்மா: மெக்காஸ்கில் 1480. அப்பா: தெரியோ 1612.'

ஏன் அப்படி எழுதினேன்? இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அம்மா வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"எல்லாம் சரியா நடந்துச்சா?"

"சரியாதான்மா."

அப்புறம்தான் கோழிக்கூட்டுப் பக்கம் பார்த்தேன். அங்கே என் ஆறு வயதுத் தம்பி ஆங்கஸின் கொடி படர்ந்திருந்தது. அதுவும் பரங்கி இனம்தான். ஆனால் காய் கரும்பச்சை நிறம், இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். அதிலும் ஏழெட்டுப் பூக்கள் விரிந்திருந்தன.

தேனீ அங்கிருந்து வந்திருந்தால்?

அப்பாவின் சாயல் அந்த வருடக் காயில் தெரியாது. அதன் விதையிலிருந்து அடுத்த வருடம் காய்ப்பதில்தான் தெரியும். ஆகவே எங்கள் பரங்கி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேசாமல் வளர்ந்தது. ஒரு நாளைக்கு முப்பது பவுண்டு. அது வளர வளர என் வயிற்றுக்குள்ளும் ஏதோ கனத்தது. ஆங்கஸ் அதைத் தட்டி, "உள்ளே யாரு?" என்று கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன்.

அக்டோபரில் எடை போட்டார்கள். ஆயிரத்து எழுநூற்று நான்கு பவுண்டு. ஊரிலேயே முதலிடம்! அம்மா அழுதார், பிறகு சிரித்தார். நான் என் பங்கு ஆப்பிள் கேக்கை ஆங்கஸிடம் தள்ளிவிட்டேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், தீயணைப்பு நிலையக் கூடத்தில் விதை பகிரும் கூட்டம். முதலிடம் பிடித்த காயின் விதை எல்லோருக்கும் போகும். உறைக்கு இரண்டு விதை, அறுபது உறைகள். அத்தனையிலும் அம்மா பெயர், அப்பா பெயர். என் கையெழுத்தில், அறுபது முறை அதே பொய்.

முதல் உறையை மிஸ்டர் தெரியோ எடுத்தார்.

"அடுத்த வருஷம் என்னோட ரெண்டு குழியும் இதுக்குத்தான்."

"அப்போ உங்க சொந்த விதை?" என்றார் அம்மா.

"இருபத்திரண்டு வருஷமா அதைத்தான் போட்டேன். இந்தத் தடவை போடல. இதுக்கு அப்பனும் நம்ம வீட்டுப் பயதானே!"

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஒரு குழிக்கு ஒரு செடி; அவருக்கு இருப்பதே இரண்டு குழிகள். நான் வாயைத் திறக்காவிட்டால் அடுத்த ஆகஸ்ட் வரை யாருக்கும் தெரியாது. அதன் பிறகு அவர் அந்தக் குழிகளைக் குனிந்து பார்ப்பார்.

எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"மிஸ்டர் தெரியோ... அந்த உறையைத் திருப்பிக் கொடுங்க."

"ஏன்? எனக்கு மட்டும் கிடையாதா?"

"அதுல எழுதியிருக்கறது தப்பு."

நோட்டைப் பிரித்து நீட்டினேன். அம்மா என்னைப் பார்த்தார். அதைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது.

மிஸ்டர் தெரியோ கண்ணாடியை மாட்டி மெதுவாகப் படித்தார்.

"எத்தனை தேனீ?"

"ஒண்ணுதான் பார்த்தேன்."

"என் பூவைத் தடவினியா?"

"நாலையும் தடவினேன்."

"அன்னிக்கு உங்க தோட்டத்துல வேற என்ன பூத்திருந்துச்சு?"

"எங்க செடியோட ஆண்பூ. அப்புறம்... ஆங்கஸோட பச்சைப் பரங்கி."

"என்னோடதா?" என்றான் ஆங்கஸ். வாய் நிறைய பிஸ்கட்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அப்போ எல்லாத்தையும் கோழிக்குப் போட வேண்டியதுதான்."

விதைப் பெட்டியின் மேலிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் என் பயத்தைவிட என் வாய் முந்திக்கொண்டது.

"வேண்டாம்! ஒரே காய்க்குள்ள இருந்தாலும் ஒவ்வொரு விதைக்கும் அப்பா வேறயா இருக்கலாம். ஆளுக்கு ஒண்ணு மட்டும் நடுங்க. மத்த இடத்துல உங்க விதையைப் போடுங்க. என்ன நிறத்துல காய்ச்சதுன்னு எனக்கு எழுதுங்க. நல்ல ஆரஞ்சுன்னா மிஸ்டர் தெரியோவோடது. வெளிர் மஞ்சள்னா எங்களோடது. பச்சைன்னா..."

"என்னோடது!" என்றான் ஆங்கஸ்.

"நான் பட்டியல் போட்டு எல்லாருக்கும் அனுப்பறேன்."

மிஸ்டர் தெரியோ உறையைத் திறந்தார். ஒரு விதையை மேசைமேல் வைத்தார். மற்றதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பேனா குடு."

உறையிலிருந்த தன் பெயரைத் தானே அடித்தார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"இன்னும் ஐம்பத்தொன்பது உறை திருத்த வேண்டியிருக்கு. உக்காரு."

உட்கார்ந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில், பாலத்தின் மேல் அம்மா கேட்டார்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ ரொம்பக் களைப்பா இருந்தேம்மா."

"களைப்பாதான் இருந்தேன். காது கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு."

அடுத்த செப்டம்பரில் முப்பத்தைந்து பேரிடமிருந்து கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பிரித்தேன். இருபத்தொன்பது ஆரஞ்சு. ஆறு வெளிர் மஞ்சள். பச்சை ஒன்றுகூட இல்லை. இரண்டு கண்களையும் திறந்தேன்.

அப்போதுதான் மிஸ்டர் தெரியோ தள்ளுவண்டியோடு வாசலில் வந்து நின்றார். வண்டிமேல் ஒரு சாக்கு.

அவர் சாக்கை விலக்கினார். கரும்பச்சை. பள்ளிப்பை அளவு.

"அறுபது உறையில, எனக்குன்னு பாரு!" என்றார். அந்தப் புருவங்கள் மேலே ஏறின. நான் ஓடத் தயாரானேன்.

அதற்குள் ஆங்கஸ் பாய்ந்து போய் அதைக் கட்டிப்பிடித்தான்.

"நம்ம வீட்டுப் பய!"

மிஸ்டர் தெரியோ சிரித்தார். அவருக்குச் சிரிக்கும்போது தோள் இரண்டும் குலுங்கும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

அந்த விதைக்கு ஒரு புது அட்டை எடுத்தேன். 'அம்மா: மெக்காஸ்கில் 1480' என்று எழுதிவிட்டுப் பேனாவை ஆங்கஸிடம் கொடுத்தேன். அவன் தன் பச்சைப் பரங்கி எத்தனை பவுண்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, முறைப்படி எழுதினான்:

'அப்பா: ஆங்கஸ் 3.'