பதக்கப் பெட்டியின் விளக்கு

பெரியவரின் பதக்கப் பெட்டிக்குள் இருந்த சின்ன விளக்கு, சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது.

மகனுக்கு அது மானப் பிரச்சினை. ஊருக்கெல்லாம் வயரிங் செய்கிறவனுக்குச் சொந்த அப்பாவின் பதக்கத்துக்கு விளக்கு போடத் தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே!

"எல்.இ.டி.க்குத் துளி கரண்டு போதும்பா. பக்கத்து வயர்ல ஓடுறதோட கசிவுலயே லேசா எரியும்," என்றான். வயரைத் தள்ளிப் போட்டான். அப்படியும் எரிந்தது. சுவிட்சைக் கழற்றிப் பார்த்தான். கடைசியில் பிளக்கையே பிடுங்கினான்.

எரிந்தது.

"நீங்களாவது 'அணை'ன்னு ஒரு அதட்டல் போடுங்களேன். போர்க்காலத்துல அதுதானே உங்க உத்தியோகம்? அந்த வார்த்தையைச் சொன்னா உங்களுக்கு மட்டும் வாய் சுளுக்கிக்குமோ?"

பெரியவர் சிரிக்கவில்லை. மகன் வேறு விளக்கு வாங்கக் கடைக்குப் போனான்.

அந்தி மங்கியது. பெட்டிக்குள் வெள்ளை வெளிச்சம் மெல்ல மஞ்சளாகித் திரிபோல் நடுங்கியது. மண்ணெண்ணெய் வாடை வந்தது. பிறகு, ஈரச் சுண்ணாம்பின் வாடை.

பெரியவருக்கு அந்த வாடை தெரியும்.

விமானங்கள் வந்தால் தெருவை இருட்டாக்குவது அவர் வேலை. கீழே ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் குண்டு அங்கேதான் விழும். அன்று ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு. மூச்சிரைக்க ஓடிவந்தவர் வெளியிலிருந்து கத்தினார்: "அணை! அணை!"

உள்ளே மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. தாய் அதை அணைத்துக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது. குண்டு விழுந்தது.

இடிபாட்டை வெறும் கையால் தோண்டியதற்குத்தான் இந்தப் பதக்கம். தோண்டியபோது அவளுக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. அவள் கேட்டது அவர் காதில் மட்டும் விழுந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பதக்கத்தை நெஞ்சில் குத்தியபோதும் சொல்லவில்லை.

பெட்டியின் கண்ணாடிக்குள் ஏதோ அசைந்தது. அன்று கேட்ட அதே குரல்.

"அணைச்சுட்டேங்கய்யா."

அவர் ஓரடி பின்வாங்கினார்.

"இறுக்கித்தான் அணைச்சேன். இன்னும் இறுக்கணுமா?"

எங்கோ ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறியது.

ஓடிவிடலாம். கால்கள் அதற்குத் தயாராகவே இருந்தன. ஆனால் அந்தத் திணறல்!

"வேணாம்மா!" அவர் கண்ணாடியில் கையை வைத்தார். ஜில்லென்றிருந்தது. "குழந்தையை விடும்மா. தப்பு என்னோடது. நான் அரைகுறையா சொல்லிட்டேன். குழந்தையை இல்லம்மா... விளக்கை. விளக்கை ஊதிடும்மா."

கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுக்காற்று படர்ந்தது.

விளக்கு அணைந்தது.

திரும்பி வந்த மகன் பிடுங்கிய பிளக்கையும் இருண்ட பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தான். "எப்படிப்பா?"

பெரியவர் சொல்லிக்கொடுத்தார். அன்று முதல் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பொழுது சாய்ந்தால் பெட்டிக்குள் விளக்கு தானாக எரிகிறது. சுவிட்சை யாரும் தொடுவதில்லை. பக்கத்தில் போய், "விளக்கை ஊதிடும்மா" என்று முழுசாகச் சொன்னால் போதும், உள்ளேயிருந்து ஊதிவிடுகிறாள்.