சாம்பாருக்கு ஒரு பொத்தான்

சீரிஸ் என்ற குறுங்கோளில் கோபத்தில் கிண்ணத்தை வீசினால் உடனே ஒரு திருப்தியும் கிடைக்காது. அதன் ஈர்ப்புவிசை அவ்வளவு சோனி. வீசிய கிண்ணம் ஆடி அசைந்து கூரைப்பக்கம் போகும், அங்கே லேசாக முட்டும், பிறகு மனசு வந்தால் கீழே இறங்கும். அதற்குள் வீசியவருக்குக் கோபமே ஆறிப்போயிருக்கும். அடி படவேண்டியவரோ காந்தச் செருப்பைச் சாவகாசமாக எடுத்துவைத்து நகர்ந்துவிடுவார்.

அன்று காலையும் சுரங்கக் குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கிண்ணம் மிதந்துகொண்டிருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தது செண்பகவல்லி ஒருத்திதான். கூடத்துக்குப் பொறுப்பாளர் அவள். துடைக்க வேண்டியவளும் அவளே.

“இதுல உப்புன்னு ஒண்ணு இருக்காக்கா? பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு!” என்றான் கிண்ணத்தை வீசிய தங்கப்பழம். துளைப்பு எந்திரம் ஓட்டுபவன், தூத்துக்குடிக்காரன்.

“உனக்கு உப்பளத்தையே கரைச்சு ஊத்தணும்ப்பா. எனக்கு இதுவே கரிக்குது,” என்றார் எதிரே இருந்த ரத்தினசபாபதி. அவர் கும்பகோணம்.

இருவரும் சாப்பிட்டது ஒரே சாம்பார்தான். சமையலி என்கிற அந்த எந்திரம், கம்பெனி கொடுத்த அளவுப்படி, ஒரே கொப்பரையில் வைத்தது. அதனுடன் வாதாட முடியாது. ஆகவே எல்லோரும் பூமிக்குப் புகார் அனுப்பினார்கள். உப்பு, புளி, காரம் என்று விண்வெளி முழுக்கப் புகார் பறந்தது. கம்பெனிக்குப் பொறுமை போய்விட்டது. கிருபாவதி என்றொரு ஆய்வாளரைக் கப்பல் ஏற்றி அனுப்பியிருந்தது. அவர் வந்திறங்கும்போதும் இதே கூச்சல் இருந்தால் கூடத்தை மூடிவிடுவார்கள். ஆளுக்கொரு சத்துப்பசைக் குழாய். அவரவர் அறையில் பிதுக்கிக்கொள்ள வேண்டியதுதான். ருசியே இல்லாத பண்டத்தில் யார் குறை சொல்வது?

செண்பகவல்லிக்கு அது பொறுக்கவில்லை. வேலை போகும், திரும்பும் கப்பலில் கோவில்பட்டிக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதுகூட அப்புறம். நாள் முழுக்கக் கல்லையும் இருட்டையும் பார்த்துவிட்டு வருகிற மனுசன் இன்னொரு மனுசன் முகத்தைப் பார்க்கிற ஒரே இடம் இந்தக் கூடம். சண்டை போடவாவது எதிரே ஓர் ஆள் வேண்டாமா?

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சாப்பாட்டு மேசை ஒவ்வொன்றிலும் ஒரு கணினித் திரை சும்மாதான் கிடந்தது. அதில் பொத்தான்கள் வைத்துவிட்டால்? உட்கார்ந்ததும் அமுக்கினால், அவரவர் கிண்ணத்துக்கு மட்டும் சமையலி கூட்டியோ குறைத்தோ அனுப்பாதா? நிரல் எழுத அவளுக்குத் தெரியாது. அதனால் என்ன, காதுக்குள் பேசிப் பாடம் சொல்லித்தரும் பயிற்றி எந்திரம் எதற்கு இருக்கிறது?

“முதலில் எதையும் எழுதாதீர்கள்,” என்றது பயிற்றி. “திரையில் என்னென்ன இருக்க வேண்டும்? எதைத் தொட்டால் எது நடக்க வேண்டும்? அதை யோசியுங்கள்.”

“உப்பு, புளி, காரம். ஒவ்வொண்ணுக்கும் கூட்ட ஒரு பொத்தான், குறைக்க ஒரு பொத்தான். அமுக்கினா பொத்தான்ல விளக்கு எரியணும். ‘ஆகட்டும்’னு மரியாதையா ஒரு வார்த்தை வரணும். சமையலிக்குச் சேதி போகணும்.”

“யாரும் தொடாதபோது?”

“தொடாதப்ப என்னத்தைச் செய்ய? குக்கரை வச்சிட்டு விசிலுக்குக் காத்துட்டு இருக்கிறதில்லையா, அந்த மாதிரி சும்மா இருக்கட்டும்.”

“அதேதான்,” என்றது பயிற்றி. அதன் குரலில் சந்தோஷம் தெரிந்தது. “விசில், ஒரு நிகழ்வு. எழுந்து போய் அடுப்பை அணைப்பது, அதற்கான செயல். பொத்தான் என்பது விசில்தான். இந்த விசிலுக்கு இன்ன செயல் என்று நீங்கள் இணைக்க வேண்டும்.”

அட, இவ்வளவுதானா! செண்பகவல்லி மளமளவென்று வேலையில் இறங்கினாள். பொத்தான்களை வரைந்தாள், இடம் மாற்றினாள், ‘குறை’க்குப் பச்சையும் ‘கூட்டு’க்குச் சிவப்பும் பூசினாள். விளக்கெரியும் செயலை எழுதி இணைத்தாள். அமுக்கினால் ஜம்மென்று எரிந்தது, ‘ஆகட்டும்’ என்றது. அந்தப் பூரிப்போடு சமையலிக்குச் சேதி அனுப்பும் செயலையும் எழுதி முடித்தாள்.

மறுநாள் கூடம் அமர்க்களப்பட்டது. தங்கப்பழம் உப்பைக் கூட்டினான், ரத்தினசபாபதி குறைத்தார். மேசைக் குழாய் வழியே கிண்ணங்கள் வந்தன. முதல் வாயை உறிஞ்சிய தங்கப்பழம் கண்ணை மூடிக்கொண்டான்.

“இப்பத்தான்க்கா சாம்பாரு சாம்பாரா இருக்கு!”

“எனக்கும் கச்சிதம். கரிப்பே இல்லை,” என்றார் ரத்தினசபாபதி.

அதன்பின் கூரைக்கு ஒரு கிண்ணமும் போகவில்லை, பூமிக்கு ஒரு புகாரும் போகவில்லை. செண்பகவல்லியின் காந்தச் செருப்பு தரையில் ஒட்டவே மறுத்தது. சந்தோஷ மிகுதியில் ஒருநாள் சமையலியையும் பாராட்டிவிடலாம் என்று அடுக்களைக்குள் நுழைந்தாள்.

“ஆளாளுக்கு ஒரு பக்குவம் வைக்கிறது கஷ்டமா இருக்கா?”

“எப்போதும் போல ஒரே பக்குவம்தான்,” என்றது சமையலி. “யாரும் எதுவும் மாற்றச் சொல்லவில்லையே.”

அவள் அவசரமாகக் கூடத்துக்குத் திரும்பினாள். பயிற்றியைக் கூப்பிட்டாள். அது நிரலைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னது: “சேதி அனுப்பும் செயலை எழுதியிருக்கிறீர்கள். பொத்தானோடு இணைக்க மறந்துவிட்டீர்கள். விசில் அடிக்கிறது, எழுந்து போக ஆள் இல்லை. புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்கிற பிழைதான்.”

அப்படியானால் இத்தனை நாளும் ஜனங்கள் சப்புக்கொட்டியது அதே பழைய சாம்பாரையா! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் சாப்பாட்டு விஷயத்தில் ஏமாற்றுவது பாவம் என்று நினைப்பவள் அவள். அன்றே இணைத்துவிட்டாள்.

விடிந்ததும் வினை வந்தது. ஒரு தடவை அமுக்கினால் ஒரு சிட்டிகை என்பது கணக்கு. தங்கப்பழமோ தாளம் போடுகிறவன் மாதிரி தட்டித் தட்டிப் பழகியிருந்தான். சமையலி அத்தனையையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. முதல் உறிஞ்சிலேயே அவன் கண் பிதுங்கியது. ரத்தினசபாபதிக்கு வந்தது வெந்நீரில் பருப்பு. கூரைக்குக் கீழே கிண்ணங்கள் கூட்டம் கூட்டமாக மிதந்தன.

“என்னக்கா செஞ்சு தொலைச்சீங்க? நேத்து வரைக்கும் பொத்தான் ஒழுங்கா வேலை செஞ்சுதே!”

“ஒரு தடவை அமுக்குங்க தம்பி, போதும்.”

“ஒரு தடவை அமுக்கினா அதுக்கு எப்படிக்கா கேக்கும்?”

ஆய்வாளரின் கப்பல் இறங்கிக்கொண்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. செண்பகவல்லி யோசிக்கவே இல்லை. மேசையில் குனிந்தாள், இணைத்ததைப் பிரித்தாள், எழுந்தாள். “சரி பண்ணியாச்சு. இப்ப அமுக்குங்க,” என்றாள். எல்லோரும் அமுக்கினார்கள். புதுக் கிண்ணங்கள் வந்தன. உள்ளே வந்த கிருபாவதி கேட்டது, நிம்மதியாக உறிஞ்சும் சத்தத்தை மட்டும்தான்.

அவரும் உட்கார்ந்து, காரத்தைக் குறைக்கும் பொத்தானைப் பலமுறை அமுக்கி, சாப்பிட்டு முடித்தார். “அருமை. நான் கேட்ட மாதிரியே இருக்கு. எப்படிம்மா சாதிச்சீங்க?” என்றார்.

பொய் சொல்லிக் காப்பாற்றிய கூடத்தில் அவளால் நிற்க முடியாது. ஆய்வாளரைத் தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். “இனி உங்க இஷ்டம்மா,” என்றாள்.

கிருபாவதி விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப எனக்கும் அதே சாம்பார்தானா? போகட்டும், புகார் நின்னுடுச்சுல்ல? கூடம் இருக்கட்டும், நீங்களும் இருங்க. பாவம், சுரங்கத்து ஜனங்க, வெள்ளந்தி. நல்ல பொத்தான்னா எங்க கப்பல்ல இருந்துச்சு பாருங்க. ஒவ்வொரு இருக்கையிலயும் ‘வேகம் கூட்டு’ன்னு ஒண்ணு. வழி முழுக்க நான் விடாம அமுக்கிட்டே வந்தேன். இல்லேன்னா இவ்வளவு சீக்கிரம் வந்திருப்போமா?”

கப்பலின் பாதையும் வேகமும் பூமியில் கிளம்பும்போதே குறித்துவிடுவார்கள் என்பது செண்பகவல்லிக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். கூடம் பிழைத்தது நினைவுக்கு வரவே மூடிக்கொண்டாள்.

அவரை வழியனுப்பிவிட்டு லிஃப்டுக்கு வந்தாள். என்ன ஜனங்கள் இது! படித்தவர் படிக்காதவர் என்ற பேதமில்லாமல், விளக்கு எரிந்தால் போதும், வேலை நடந்துவிட்டதாக நம்புகிறார்களே! தனக்குள் சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினாள். விளக்கு எரிந்தது. லிஃப்ட் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். இன்னொரு தடவை அமுக்கினாள். கடைசியாகக் கட்டைவிரலை வைத்துக் கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள்.

கதவு திறந்தது.

“இப்படி அழுத்தினாத்தான் வருது சனியன்,” என்றபடி உள்ளே ஏறினாள் செண்பகவல்லி.