வளையும் மரம்

காலையில் பென்சில் வளைந்தது. ஒடியவில்லை, விரிசல் விடவில்லை. குறிப்பேட்டின் மேல் அழுத்தியதும் ஈரக் கயிறு போல மெல்லத் தலை சாய்ந்தது. லேசான இனிப்பு வாசனை. அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். வாசனை போகவில்லை.

அது அவளுக்குத் தெரிந்த வாசனைதான். மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின் என்னும் பொருள். அது தளர்ந்தால் நொதிகள் மரத்தூளுக்குள் எளிதாகப் புகுந்து அதைச் சர்க்கரையாக்கும். அதிலிருந்து எரிபொருள் எடுக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்கூடத்தில் அவள் மரபணு மாற்றி வளர்த்த, இதே வாசனை வீசிய கன்றுகளில் லிக்னின் தளர்ந்திருந்தது. மூன்று நாள் வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

சோதனை முடிந்த கன்றுகளை எரித்துவிட வேண்டும். ஆய்வுக்கூடத் தோட்டக்காரர் கடைசிக் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"பச்சுன்னு இருக்கே மேடம், எரிக்க மனசு வரல. வீட்டுல வச்சுக்கட்டுமா?"

அவளுக்கு அவசரம். "எடுத்துக்குங்கண்ணே." பதிவேட்டில் ‘எல்லாம் எரிக்கப்பட்டன’ என்று எழுதினாள்.

நான்கே ஆண்டுகளில் அது அவர் வீட்டுக் கூரையைத் தாண்டியது. போன மாதம் கிளை கழிக்க ஏறினார். மிதித்த கிளை அப்படியே தழைந்து அவரைக் கீழே விட்டது. முதுகெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் பிரார்த்தனையில் அவள் கடவுளிடம் சொல்லி அழுதாள். அவரிடம் சொல்லவில்லை.

இன்று சொல்லிவிட வேண்டும். மாலையில் போனாள். கதவைத் தள்ளியபோது பலகை அவள் உள்ளங்கைக்கு இடம் கொடுத்தது. உள்ளே தைல நெடி. அதற்கடியில் அந்த இனிப்பு.

"வாங்க மேடம்," படுத்தபடியே சிரித்தார். "ஏணி இல்லாமயே இறங்கிட்டேன், பார்த்தீங்களா? மரத்து மேல தப்பில்ல, எனக்குத்தான் கால் வழுக்கிடுச்சு. ஆபீஸ்ல இருந்து நீங்க ஒருத்தர்தான் வந்து பார்க்கறீங்க. நல்லா இருக்கணும்."

அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பாசத்தோடு அழுத்தினார். கையை எடுத்தார்.

அவள் தோலில் ஐந்து விரல்களின் பள்ளம். மேலெழவில்லை. வலியும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ போய்ப் போய் வந்தது. கிளையில் கட்டிய ஊஞ்சல். கயிறு உரசினால் கிளை கிரீச்சிட வேண்டும். இது கிரீச்சிடவில்லை.

"என் பொண்ணு. நேத்துதான் ஊஞ்சல் கட்டினா. நீங்க குடுத்த மரம்னு பார்க்கறவங்ககிட்ட எல்லாம் ஒரே பெருமை."

சொல். இப்போதே சொல்.

வாயைத் திறந்தாள். தாடை இறங்கியது. இன்னும் இறங்கியது. கழுத்தைத் தாண்டி, ஈரக் கயிறு போல. நாக்கில் இனிப்பு. குரல் இல்லை.

"மேடம்? என்னாச்சு மேடம்?" எழ முடியாமல் கையை நீட்டினார்.

அறை இருண்டது. ஜன்னல் முழுக்க இலைகள்.

"அப்பா!" வெளியே சிறுமி சிரித்தாள். "இங்க பாருங்கப்பா, மரம் குனியுது!"