குடும்பப் பொறுப்பு எதுவும் இல்லை

இந்தி பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியும் என்று ரெஸ்யூமில் தட்டிய மறு நிமிடமே, கீழ் வீட்டில் டைல்ஸ் பதிக்கும் வடநாட்டு ஆட்களின் பேச்சு ஜாஸ்லினுக்குப் புரிந்தது. பருப்பில் உப்பு கம்மி என்று ஒருவன் குறைப்பட்டுக்கொண்டிருந்தான். காலையிலிருந்து வெறும் இரைச்சலாகக் காதில் விழுந்த பேச்சு அது. அவளுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது.

தூக்கம் கெட்ட மண்டைக்கு என்னவோ கேட்கிறது என்று விட்டுவிட்டாள். அலுப்பு அப்படி. கணவன் விட்டுப் போனபின் எத்தனை கம்பெனி, எத்தனை ரெஸ்யூம்! ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஏற்றபடி தன்னை வெட்டி ஒட்டிப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் மகள் டெனிஷாவை மணப்பாறைக்குக் கூட்டிப்போய்விடுவதாக மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

மழை மூட்டத்தில் மதியமே இருட்டிக்கொண்டு வர, கீழேயிருந்து ஈரச் சிமெண்ட் வாசனை படியேறி வர, அம்மா மண்டபம் ரோட்டில் டவுன் பஸ்கள் ஹாரன் அடித்து நகர, உள்ளறையில் சளியோடு தூங்கிய டெனிஷாவின் மூச்சு கர் கர்ரென்று கேட்டுக்கொண்டே இருக்க, அவள் அடுத்த வரிக்குப் போனாள். பிள்ளை பெற்ற பின் வேலைக்குப் போகாத வருடங்களை மறைக்க, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் ஆபீஸில் கணக்குப் பார்த்ததாக எழுதினாள். அப்படி ஓர் ஆபீஸே கிடையாது. எழுதி முடித்ததும் அதன் மாடிப்படியில் அடிக்கும் பினாயில் நெடி மூக்கில் ஏறியது. முதலாளியின் இருமல்கூட நினைவுக்கு வந்தது.

போன் அடித்தது. வேலை பார்த்துச் சொல்லும் சாரா பீவி.

"அனுப்பிட்டீங்களா ஜாஸ்லின்?"

"லெட்டர் மட்டும் பாக்கி அக்கா."

"தப்பா எடுத்துக்காதீங்க. புள்ள இருக்குன்னு பார்த்தா அவங்க மேல படிக்கவே மாட்டாங்க. அந்த வரிய எடுத்துடுங்க."

"அவளை எப்படிக்கா இல்லேங்கிறது?"

"காகிதத்துலதானே. வேலை கிடைக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

சாரா பீவி போனை வைத்துவிட்டாள். மகள் டெனிஷா, வயது நான்கு என்ற வரியை ஜாஸ்லின் அழித்தாள். கடிதத்தின் கடைசியில் தட்டினாள்: 'குடும்பப் பொறுப்பு எதுவும் இல்லை. உடனே வேலையில் சேரலாம்.'

உள்ளறையில் மூச்சு நின்றது.

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே ஆட்கள் பேசவில்லை. பஸ் சத்தம் இல்லை. எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். கட்டில் இல்லை. வீட்டுக்காரரின் அட்டைப் பெட்டிகள். உடைந்த மின்விசிறி. எல்லாவற்றின் மேலும் பல மாதத் தூசி.

கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

லேப்டாப்புக்கு ஓடினாள். தட்டியதை அழித்தாள். பெயர் என்ன? நாக்கு நுனியில் இருந்தது. போய்விட்டது. முகம்? மச்சம் எந்தக் கன்னத்தில்? அதுவும் போனது. ஒருத்தி இருந்தாள் என்பது மட்டும் மிச்சம். அதுவும் போவதற்குள் தெரிந்ததைத் தட்டினாள்.

'ஒரு மகள். வயது நான்கு.'

உள்ளே போர்வை சரசரத்தது.

"இதோ வந்துட்டேன் தங்கம்." அழுதுகொண்டே ஓடினாள்.

கட்டில் இருந்தது. நான்கு வயது உயரத்தில் ஒரு பெண் குழந்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. குரல் கேட்டுத் திரும்பியது.

கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை வழவழவென்று வெறும் தோல். இவள் என் பிள்ளை இல்லை என்று சொல்லவும் ஜாஸ்லினுக்கு வேறொரு முகம் நினைவில் இல்லை.

தூக்கிக்கொள்ளச் சொல்லி அது இரண்டு கைகளையும் நீட்டியது.