நற்கருணைப் பாத்திரம் காணாமல் போன சனிக்கிழமை

சனிக்கிழமை, காலை ஏழு மணி. ஜெர்மனியின் வட ஃபிரீசியக் கரையில், ஊரெல்லாம் லுத்தரன்களாக இருக்க, தன்னந்தனியாக நின்ற கத்தோலிக்கக் கோயிலில் பூசை அப்பம் வைக்கும் வெள்ளி நற்கருணைப் பாத்திரத்தைக் காணோம்.

காவலர் பிராடர்சனும் லுத்தரன்தான். இரண்டு சபைக்காரர்களின் சண்டையையும் விலக்கி விலக்கி அலுத்துப்போனவர். அவரெதிரே கையில் விலங்கோடு மோமே நின்றான். நேற்று மாலை பீடத்துச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுக் கதவைப் பூட்டிப் போன லுத்தரன் அவன். திங்கட்கிழமை லுத்தரன் கோயிலில் அவனுக்கும் பக்கத்தில் நின்ற அலைடாவுக்கும் கல்யாணம்.

"வேதம் தவறின பதிதன் கையில சாவியைக் கொடுத்தா வேற என்ன நடக்கும்?" என்றாள் அலைடாவின் தாய் கொர்னேலியா. பீடத் துணிகளைத் துவைப்பவள். அவளுடைய கறுப்புப் பாவாடை முழங்காலருகே வெளிறியிருந்தது.

"சாவி உங்ககிட்டயும் இருக்குல்லம்மா?" என்றார் பிராடர்சன்.

"இருக்கு. நேத்து நான் வீட்டைவிட்டு நகரலை. காலையில வந்தேன், பாத்திரம் வெச்சிருந்த பேழை திறந்து கிடந்துச்சு. வாசல்லேருந்தே பங்குச் சாமியாரைக் கூப்பிட ஓடினேன்."

பிராடர்சன் பேழையருகே போனார். நற்கருணை அப்பங்கள் வெளுத்த துணியில் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. தரையில் சுண்ணாம்புத் துளிகள் கல்லாகக் காய்ந்திருந்தன. பேழைக்கு நேரெதிரே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இழுபட்டிருந்தன.

"மோமே, நீ எங்கேயாவது முழங்கால் போட்டிருக்கியா?"

"நம்ம கோயில்ல ஏதுங்க அதெல்லாம்?"

காவலர் பெருமூச்சோடு விலங்கைக் கழற்றினார்.

"கொர்னேலியாம்மா, பாத்திரம் எங்க? வெள்ளிக்காகத் திருட வந்தவன் அப்பத்தைக் கொட்டிட்டுப் போயிருப்பான். இதை எடுத்தவங்க மடிச்சு வெச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி முழங்காலும் போட்டிருக்காங்க, சுண்ணாம்பு ஈரமா இருந்தப்போ. அது நேத்து ராத்திரி. உங்க பாவாடையில இருக்கிறது அந்தச் சுண்ணாம்புதான்."

அவள் கையால் முழங்காலை மறைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"என் கல்யாணத் துணிப்பெட்டியில இருக்கு. ஒவ்வொரு வீடா லுத்தரன் பக்கம் போயிடுச்சு. பூசைக்கு ஒரு வரிசைகூட நிறையலை. இவன் ஜெயிலுக்குப் போனா இவளாவது இங்க நிப்பாளேன்னு..."

"திருட வந்த இடத்துல முழங்கால் எதுக்கும்மா? அது மட்டும் இல்லேன்னா இவனைத்தான் இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"அப்பத்துல ஆண்டவர் இருந்தாரே," என்றாள் கொர்னேலியா. "கும்பிடாம எப்படி?"

பிராடர்சனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது.

மோமேயின் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த அலைடா நிமிரவில்லை.

"திங்கக்கிழமை பத்து மணிக்கும்மா," என்றாள். "அங்க முழங்கால் போட வேண்டாம். வந்து உட்காந்தாப் போதும்."